வேற ஆளு வேணுமா?

ஜெரால்டின் கிள்ளானில் பிறந்தவர். அப்பா மாரிஸ் ரயில்வேக்காரர். பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் ஒரு காய்ச்சல் வந்து கண் இரண்டும் போயிற்று. பிரிக்பீல்ட்ஸில் கண் தெரியாதவர்கள் வேலை செய்யும் மசாஜ் கடைகள் நிறைய. சர்ச்சில் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். "பிரிக்பீல்ட்ஸுக்கு அனுப்புங்க, மசாஜ் கத்துக்கட்டும்."

அவர் பிரிக்பீல்ட்ஸுக்கு வரத்தான் செய்தார். ஆனால் பட்டம் வாங்கி, மனநல ஆலோசகராக வந்தார்.

நான் காப்பாரில் லோரி ஓட்டுகிறவன். பல வருடம் எனக்குக் கெலிண்டானாக, லோரி உதவியாளாக, வந்த சின்னையா, பந்திங் ரோட்டில் பக்கத்துச் சீட்டிலேயே நெஞ்சடைத்துச் செத்துப்போனான். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமில்லை. அந்தச் சீட்டில் யாரையும் உட்கார விடுவதுமில்லை. டாக்டர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஓர் ஆலோசனை மையத்துக்கு அனுப்பினார்.

வாசலில் வெள்ளைக் கோலோடு ஒரு பெண் நின்றார்.

"தோளு ரெண்டும் கல்லா கெடக்குதும்மா. எங்க படுக்கணும்?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "இங்க கட்டில் எல்லாம் இல்ல அங்கிள். உக்காந்து பேசணும். நான்தான் உங்க கவுன்சலர்."

கவுண்டரில் இருந்த மேலாளர் உஷாராணி என்னைத் தனியே கூப்பிட்டார். "மிஸ்ஸுக்குக் கண்ணு தெரியாது அங்கிள். வேற ஆளு வேணுமா? எல்லாரும் மாத்திக்கிட்டாங்க. இந்த மாசமும் யாரும் தங்கலைன்னா, அவங்கள போன் எடுக்கிற வேலைக்குப் போட்டுருவோம்."

"மாத்துனா இன்னொரு நாளு வரணும். எனக்கு லீவு கிடைக்காது," என்று உள்ளே போனேன்.

"தலையாட்டுனா எனக்குத் தெரியாது அங்கிள்," என்றார் ஜெரால்டின். "சத்தமில்லாம அழுதாலும் தெரியாது. வாயத் தொறந்து சொல்லிடணும்."

"நான் ஏம்மா அழுவப் போறேன்?"

"அழலைன்னா நல்லதுதான் லா."

சின்னையாவைப் பற்றிக் கேட்டார். வண்டி ஓடும்போதே தே ஓ, பால் இல்லாத டீ, பொட்டலத்தில் ஸ்ட்ராவைச் சொருகி என் கையில் கொடுப்பான் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன்.

"அங்கிள், இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"என்ன பண்றீங்க?"

கண்ணுள்ள ஆளாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன். இவரிடம் திருப்பி என்ன பயன்?

"அழுவுறேம்மா," என்றேன். என் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத சொல்.

"சரி, அழுங்க. அவசரமே இல்ல." மேசையைத் தடவி டிஷ்யூ பெட்டியைத் தள்ளினார். அது வேறு பக்கம் போயிற்று. நானே எட்டி எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் உஷாராணி, "அடுத்த தடவைக்கு வேற ஆளு..." என்று ஆரம்பித்தார்.

"மொதல்ல அதக் கேக்கறத நிறுத்துங்க," என்றேன். சத்தம் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. "மத்த மிஸ்ஸுங்ககிட்ட வர்றவன்கிட்ட இப்படிக் கேப்பீங்களா? கேட்டா எவனும் மாத்தத்தான் செய்வான். எனக்கு அவங்கதான் வேணும்."

அவர் முகம் சிவந்துபோயிற்று. ஆனால் அன்றைக்கு அடுத்து வந்த ஆளிடம் அதைக் கேட்கவில்லை. நேரே ஜெரால்டினின் அறையைக் காட்டினார்.

இப்போது அவர் அறைக்கு வெளியே உட்கார நாற்காலி போதவில்லை. எனக்கே அடுத்த மாதம்தான் இடமாம். எரிச்சலாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் காத்திருக்கிறேன்.