இழுத்தும் வராத மருந்து

அந்த ஹாலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டுதான் வருகிறது. ரூம் ஸ்பிரேயின் மல்லிகை நாற்றம், எலும்பைத் துளைக்கிற ஏசி, மேஜைமேல் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் சாமான். ஒருவர் அதில் வாய் வைத்து இழுத்துவிட்டு வைப்பார். கையுறை போட்ட ஒரு பெண் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்புத் துடைத்து அடுத்தவரிடம் நீட்டுவாள். எச்சில் டம்ளரைத் தண்ணீரில் முக்கி எடுக்கிற டீக்கடையே எவ்வளவோ மேல். கருமம், கருமம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நான் போனது என் நங்கைக்குத் துணையாக. அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். நான் அங்கேயே செக்கிங். பஞ்சுத் தூசியிலேயே கிடந்து நங்கைக்கு வீசிங் வந்துவிட்டது. நீல இன்ஹேலர் கையில் இல்லாமல் பாத்ரூமுக்குக்கூடப் போகமாட்டார். வெளியூர்க் கம்பெனி ஒன்று புதுவிதமாக இன்ஹேலர் செய்கிறதாம், கடைக்கு வருமுன்னே சாதாரண ஜனங்களுக்கு அதைக் கையாள வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம், வீசிங் இருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போய் உதவுங்கள் என்று எங்கள் வெல்ஃபேர் ஆபீசர் கேட்டார். இல்லை என்று சொல்லவே தெரியாத நங்கை, "ஆகட்டுங்க" என்று தலையாட்டிவிட்டார்.

ஹால் வாசலிலேயே பை, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பையோடு நங்கையின் நீல இன்ஹேலரும் போயிற்று. "உள்ள ஒண்ணும் கொண்டுபோகக் கூடாது ஆன்ட்டி, ரூல்" என்றாள் கையுறைக்காரி. மேஜைமேல் இருப்பது சும்மா மாதிரிக்குச் செய்ததுதான், அதில் மருந்து கிடையாது, வெறும் சர்க்கரைப் பொடி என்பதையும் போகிற போக்கில் சொன்னாள்.

கேமராவை வைத்துக்கொண்டு ஒரு தம்பி நடத்தினார். "மனசுல தோணுறதைச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. நாங்க எதுவும் சொல்லித் தரமாட்டோம்." எங்கள் ஆட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஒரே காரியத்தைச் செய்தார்கள். மூடியைத் திறந்ததும் அதற்குள் 'ஃபூ' என்று ஊதிவிட்டுத்தான் இழுத்தார்கள். ஊசிக்கடியில் சேர்கிற பஞ்சை ஊதித் தள்ளிவிட்டுத் தைக்கிற வாய். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் ஊதத்தான் செய்யும். அப்புறம்தான் தெரிந்தது, வாயின் ஈரம் பட்டால் உள்ளே பொடி கட்டிக்கொண்டு, நிஜ மருந்தாக இருந்தாலும் வராதாம். ஒவ்வொருவர் ஊதும்போதும் அந்தத் தம்பியும் கையுறைக்காரியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஏன் ஊதுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூ! சிரிப்பதற்கா அவ்வளவு தூரம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்?

நங்கையின் முறை வந்தது. "இப்ப உங்களுக்கு மூச்சுத் திணறுதுன்னு நெனச்சுக்கிட்டுச் செஞ்சு காட்டுங்க மேடம்." வீசிங்காரியிடம் சொல்கிற பேச்சா அது? நங்கை கூச்சத்தோடு இழுத்து இழுத்து மூச்சுவிட்டுக் காட்டினார். அந்த ஏசியும் அந்த மல்லிகையும் போதாதா? நிஜமாகவே அடைத்துக்கொண்டது. நெஞ்சு விசிலடிப்பது பின்வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது.

"சூப்பர், ரொம்ப நேச்சுரலா இருக்கு" என்றார் தம்பி.

பதற்றத்தில் நங்கை மேஜைமேல் இருந்த அந்தச் சாமானையே எடுத்து வாயில் வைத்தார். பழக்கதோஷம், இருந்த கொஞ்ச மூச்சையும் அதற்குள் ஊதினார். அப்புறம் இழுத்தார். வெறும் சர்க்கரைப் பொடி. மறுபடியும் இழுத்தார். உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

நான் எழுந்தேன். கையுறைக்காரி குறுக்கே வந்தாள். "டெஸ்ட் போயிட்டிருக்கு ஆன்ட்டி, யாரும் ஹெல்ப் பண்ணக் கூடாது."

"அடிப் பாவி, அங்க உசுரு போயிட்டிருக்குது! தள்ளு!"

வாசலுக்கு ஓடிப் பைகளைக் கீழே கொட்டி, நீல இன்ஹேலரைத் தேடி எடுத்துவந்து நானே அவர் வாயில் வைத்து அழுத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுத் திரும்பியது. தம்பி முகம் வெளுத்துப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கேமராவை நிறுத்தவில்லை. நங்கை நிமிர்ந்து உட்கார்ந்ததும் கேட்டார், "கடைசியா ஒரே ஒரு கேள்வி மேடம். டிவைஸ் எப்படி இருந்துச்சு?"

நங்கை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். "நல்லா இருந்துச்சுங்க."

பஸ்ஸில் நான் பொரிந்து தள்ளினேன். "ஏனுங் நங்கை, உங்களுக்கு அறிவிருக்குதுங்களா? செத்துப் பொழைச்சிருக்கறீங்க, நல்லா இருந்துச்சாமா!"

"போச்சாது உடு அம்மணி. மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? அந்தப் பையன் மொகம் வாடிப்போயிருச்சு."

சில மாதம் கழித்து எங்கள் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் வெல்ஃபேர் ஆபீசர் அந்தப் புது இன்ஹேலரின் விளம்பர வீடியோவைப் போட்டார். மேலே, 'நம் சகோதரிக்கு வாழ்த்துகள்'. வீடியோவில் நங்கை திணறுகிறார். வெள்ளைச் சாமானை வாயில் வைக்கிறார். உடனே மூச்சு சீராகி, "நல்லா இருந்துச்சுங்க" என்று சிரிக்கிறார். நீல இன்ஹேலர் இல்லை, நான் இல்லை, ஊதினதைக்கூட வெட்டிவிட்டார்கள். பின்னால் புல்லாங்குழல் வேறு. ச்சீ, இதுவும் ஒரு பிழைப்பா! மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

டீ டைமில் நங்கையின் லைனில் புதிதாகச் சேர்ந்திருந்த தெக்கத்திப் பெண் ஒருத்தி போனோடு வந்தாள். "அக்கா, இது எங்கன கெடைக்கும்? எனக்கும் இழுப்பு உண்டுல்லா. இப்ப வச்சிருக்கதத் தூரப் போட்டுட்டு இதையே வாங்கிக்கிடட்டா?"

நங்கை டம்ளரைக் கீழே வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் போனை எடுத்து, ஆபீசரும் மேனேஜரும் இருக்கிற அதே குரூப்பில் பட்டனை அழுத்திக்கொண்டு பேசினார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. வீடியோவுல நான் சொன்னது பொய்யிங்க. என்னையக் காப்பாத்துனது என்ற நாத்தனா கொண்டாந்து குடுத்த பழைய இன்ஹேலருங்க. அந்த வெள்ளைச் சாமான்ல ஒண்ணுமே வரலீங்க."