பதினொரு சதவீதத்தில் செஞ்சி

செஞ்சிக்குப் போகிறவர்கள் பொதுவாகக் கோட்டைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் அதிகம் இல்லை. நான் போனது என் அக்கா அஞ்சலையின் சாவுக்கு. போனது மின்சாரக் காரில். கார் வாங்கியதிலிருந்து எங்கே போனாலும் கிலோமீட்டரையும் சதவீதத்தையும் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அன்றும் குறித்தேன். என்ன மனுஷன் நான் என்று அப்புறம்தான் தோன்றியது.

காலை 9.15, தாம்பரம். பேட்டரி 78 சதவீதம்.

அக்கா உயிர் பிரிந்தது விடியற்காலை. அவள் மகன் ஏழுமலை என்னைப் பதினொரு முறை கூப்பிட்டிருக்கிறான். கைப்பேசியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தூங்கிய நான் எட்டு மணிக்குத்தான் பார்த்தேன். மனைவி மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூரில் இருந்தாள். அதனால் தனியாகக் கிளம்பினேன்.

எங்கள் குடியிருப்பில் சார்ஜ் போடும் இடம் ஒன்று, மின்சார வண்டிகள் நான்கு. முந்தைய நாள் என் முறை இல்லை. எழுபத்தெட்டுக்கு என் கார் குளிர்சாதனத்தோடு நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடும். அக்கா ஊர், அவலூர்பேட்டைக்குச் சற்று முன்னால், நூற்று நாற்பத்தொன்பது. கணக்குக்குச் சரி, சாலைக்குச் சரிவராது. வழியில் எங்காவது போட்டே ஆகவேண்டும்.

பேருந்தில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். ஆனால் கார் வாங்கி ஒன்றே முக்கால் வருடத்தில் அக்கா அதைக் கண்ணால் பார்க்கவில்லை. "ஒருதபா உன் கார்ல என்ன மலையனூர் கூட்டினு போடா, அமாவாசைக்கு" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் மேல்மலையனூர் அம்மன் கோயிலைத்தான் சொல்வாள். நான் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொன்னேன். உங்க ஊர்ல சார்ஜ் போட வசதி இல்லக்கா, வந்தா திரும்ப முடியாது. ஒருமுறை, "இன்னாடா வசதி வேணும் அதுக்கு?" என்றாள். "பதினாறு ஆம்ப்ஸ் பிளக் வேணும், தனி ஒயர் வேணும், உனக்குப் புரியாதுக்கா" என்று பேச்சை முடித்தேன். அந்தக் கார் ஒருதரமாவது அவள் வீட்டு வாசலில் நிற்கட்டும் என்றுதான் எடுத்தேன். அசட்டுத்தனம்தான்.

காலை 11.20, திண்டிவனம். 27 சதவீதம்.

நெடுஞ்சாலை உணவகத்தின் சார்ஜரில் ஒரு கார் நின்றது, பின்னால் இரண்டு காத்திருந்தன. முன்னால் நின்றவர் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். பொங்கல் முடிந்து பூரி வந்தது. என் முறை வர ஒன்றரை மணி நேரம் ஆகும். கைப்பேசியில் சார்ஜர்களைக் காட்டும் செயலியில் பார்த்தால் செஞ்சியில் ஒரு சார்ஜர் பச்சையாக, யாரும் இல்லை என்று காட்டியது. செஞ்சி இருபத்தெட்டு கிலோமீட்டர். ஒரு டீ குடித்தேன், இருபது ரூபாய். கிளம்பிவிட்டேன்.

அப்போது ஏழுமலை கூப்பிட்டான்.

"மாமா, எங்க இருக்கிற?"

"திண்டிவனம் தாண்டிட்டேன்டா."

"மூணு மணிக்கு எடுக்கணும்னு முடிவு பண்ணிட்டாங்க மாமா. நாளைக்கு அமாவாசை, சாயங்காலம் ஆனா மலையனூர் கூட்டம் ரோட்ட அடைச்சிக்கும். நீ வந்து பொறந்த ஊட்டுக் கோடி போட்டாத்தான் மத்த வேலய பாக்க முடியும். ரெண்டு மணிக்குள்ள வந்துடு."

எங்கள் பக்கம் ஒரு பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுப் புடவை வரவேண்டும், அதுதான் கோடி. அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து அவள்மேல் போடவேண்டும். அதற்குமுன் எடுக்க மாட்டார்கள். எங்கள் அப்பா அம்மா இல்லை, வேறு உடன்பிறப்பு இல்லை. பிறந்த வீடு என்று அக்காவுக்கு மிச்சமிருந்தது நான் ஒருவன்தான்.

பிற்பகல் 12.10, செஞ்சி. 11 சதவீதம்.

வழக்கம்போல் பாறைகள் முதலில் தெரிந்தன. மதில் அவற்றின்மேல் ஏறி இறங்கிப் போகிறது. சுற்றுலா வேன் ஒன்றிலிருந்து கல்லூரிப் பெண்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சார்ஜர் இருக்கும் விடுதியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சார்ஜர் இருந்தது, யாரும் இல்லை. திரையும் கறுப்பாக இருந்தது. காவலாளி நாற்காலியைவிட்டு எழாமலே சொன்னார்.

"கரண்ட் இல்ல சார். மாசாந்திர பராமரிப்பு. ஒம்போதுக்கு நிறுத்தினாங்க, ரெண்டுக்குத்தான் வரும். பேப்பர்ல போட்டிருந்தாங்களே, பாக்கலியா?"

எந்த நாள், எந்த ஊரில், எத்தனை மணிக்கு மின்தடை என்று நாளிதழில் சின்ன எழுத்தில் வரும். மாவு அரைப்பவர், இஸ்திரி போடுபவர், வெல்டிங் பட்டறைக்காரர் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் அன்றைய வேலையை வைத்துக்கொள்கிறார்கள். மின்சாரத்தில் ஓடும் காரை வைத்துக்கொண்டு அதைப் பார்க்காதவன் நான் ஒருவன்தான் இருப்பேன். செயலியை நம்பினேன். யாரும் இல்லை என்று அது சொன்னது உண்மை. ஏன் இல்லை என்று அது சொல்லவில்லை.

"ஜெனரேட்டர் இருக்குமே?"

"அதுல லைட்டும் மிக்சியும் ஓடும் சார். கார் ஓடுமா?"

இன்னும் இருபத்துநான்கு கிலோமீட்டர். பதினொன்றுக்கு இருபத்தொன்று ஓடும். இரண்டு மணிவரை காத்திருந்து போட்டால் போய்ச்சேர மூன்றரை. உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது. காலையிலிருந்து அழவில்லை.

விடுதி வாசலில் ஒரு பேட்டரி ஆட்டோ நின்றிருந்தது. ஓட்டுநர் பெயர் சேட்டு, நாற்பது வயது இருக்கும். காவலாளியும் நானும் பேசியதைக் கேட்டுவிட்டு இறங்கி வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கார வுட்டுட்டு என் வண்டில ஏறுங்க சார். அரை மணில உடறேன்."

நியாயமான வழி அதுதான். ஏறியிருக்கவேண்டும். "அக்கா இந்தக் காரப் பாக்கணும்னு கேட்டா" என்று சொன்னேன். தெரியாத ஊரில் தெரியாத மனிதர்முன் அழுதேன். அவர் என்னைப் பார்க்காமல் காரைச் சுற்றிவந்து டயரை அழுத்திப் பார்த்தார்.

"பதினொண்ணு இருக்குதில்ல? ஏசிய நிறுத்துங்க. நாப்பதுக்கு மேல போவாதீங்க. பிரேக்க தொடாதீங்க, எறக்கத்துல கால எடுத்தா அதுவா கொஞ்சம் சார்ஜ் ஏத்திக்கும். நான் பின்னாடியே வரேன். நின்னுட்டா கார அங்கியே வுட்டுட்டு கோடிய எடுத்துனு என் வண்டில ஏறிக்குங்க. அறுநூறு குடுங்க, போறதுக்கும் வரதுக்கும்."

"உங்க வண்டில எவ்ளோ இருக்கு?"

"எழுவது. நைட்டு ஊட்லியே போட்டுடுவேன். வெளிய இருக்கிற சார்ஜர நம்பி நான் வண்டி எடுக்கறதில்ல சார்."

புடவை இன்னும் வாங்கவில்லை. கடைவீதியில் ஒரு ஜவுளிக் கடை வாசலில் நிறுத்தினேன். உள்ளே இருட்டு. கோடி என்று சொன்னதும் கடைக்காரர் மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை. நாலு புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பிரித்தார். அரக்கில் சின்னக் கரை போட்டதை எடுத்தேன், எழுநூற்றைம்பது. பேரம் பேசவில்லை. கிளம்பும்போது கடைக்காரர் "போய்ட்டு வாங்க" என்றும் சொல்லவில்லை. சாவுக்குப் போகிறவனிடம் அதைச் சொல்லமாட்டார்கள். ஒரு ரோஜா மாலை, இருநூறு.

பிற்பகல் 12.45, செஞ்சியை விட்டேன். 11 சதவீதம்.

கண்ணாடிகளை இறக்கினேன். அனல் முகத்தில் அடித்தது. மேல்மலையனூருக்குப் போகும் சிறப்புப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலி எழுப்பி என்னைக் கடந்தன. ஒரு நடத்துநர் படியில் தொங்கியபடி, "இன்னா சார், ஊர்வலமா?" என்று கத்தினார். பக்கத்து இருக்கையில் மாலையும் புடவையும் இருந்ததைப் பார்த்திருக்க மாட்டார். கண்ணாடியில் சேட்டுவின் ஆட்டோ தெரிந்துகொண்டே வந்தது. இருபுறமும் மணிலாக்கொட்டை வயல், இடையில் கரும்பு, எங்கே பார்த்தாலும் பாறை. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு எண் குறைய வேண்டிய இடத்தில் இரண்டரைக்கு ஒன்று குறைந்தது. அது ஒன்றுதான் ஆறுதல்.

அக்கா என்னைத் தூக்கி வளர்த்தவள் என்றெல்லாம் சொல்லமாட்டேன். நாங்கள் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். என்னைவிட நாலு வயது பெரியவள். ஆனால் எனக்கு வேலை கிடைத்த அன்று ஊருக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தவள் அவள். அவளுக்கு நான் கொடுத்தது சாக்குகள்தான். மழை, பள்ளிக்கூடம், ஆள் இல்லை, கடைசியாகச் சார்ஜ்.

மேல்மலையனூர் பிரிவில் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். இருபது நிமிடம் நின்றேன். நாலு சதவீதம். சேட்டு இறங்கிப் போய்க் காவலரிடம், "சாவு வண்டிங்க, கோடி போவுது" என்றார். காவலர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தடுப்பை நகர்த்தினார்.

மூன்றுக்கு வந்ததும் திரையில் மஞ்சளாக ஆமைப் படம் எரிந்தது. இனி வேகமாகப் போகமாட்டேன் என்று கார் சொல்லும் முறை அது. சேட்டு பக்கத்தில் வந்து, "ஆமை வந்துட்டுதா சார்?" என்றார். ஆமாம் என்றேன். "போவும், போவும். உருட்டிக்கினே வாங்க."

பிற்பகல் 1.55. அக்கா வீடு. 1 சதவீதம்.

மேளச் சத்தம் கேட்டது. பந்தலுக்கு முன்னால் காரை நிறுத்தினேன். அடுத்ததை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான். செத்துக் கிடக்கும் அக்காவைப் பார்ப்பதற்குமுன் என் கண் சுவரில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று தேடியது. வீட்டின் முன்சுவரில், வாசலுக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது. பெரிய பிளக். மழை படாமல் மேலே சின்னத் தகரம் அடித்திருந்தார்கள். அதிலிருந்து தடித்த ஒயர் ஒன்று ஜன்னல் வழியாக உள்ளே போனது. பார்த்துவிட்டு உள்ளே போனேன்.

"தம்பி வந்துட்டான், பொறந்த ஊட்டுக் கோடி வந்துட்டுது" என்று யாரோ குரல் கொடுக்க, பெண்கள் வழிவிட்டார்கள். ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் அக்கா தூங்குவதுபோல் இல்லை, செத்துப்போனவளாகத்தான் இருந்தாள். மூடியைத் திறந்தார்கள். புடவையைப் பிரித்து அவள்மேல் போர்த்தினேன். அவள் கை சில்லென்று இருந்தது. "கார் வந்திருக்குக்கா" என்றேன். பக்கத்திலிருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மூன்று மணிக்குச் சரியாக எடுத்தார்கள். காரைக் கடக்கும்போது தூக்கியவர்கள் ஒரு நொடி நின்றதாக எனக்குப் பட்டது. தோள் மாற்றத்தான் நின்றிருப்பார்கள். சேட்டு அதுவரை போகாமல் சாலை ஓரம் நின்றிருந்தார். வணங்கிவிட்டுக் கிளம்பினார்.

மாலை 5.30.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஐஸ் பெட்டிக்காரர் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஏழுமலை சுவரிலிருந்த பிளக்கிலிருந்து அந்தத் தடித்த ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி அவரிடம் கொடுத்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"சார்ஜ் போடு மாமா. இப்ப பிளக் காலி."

"வேணாம்டா. வீட்டு ஒயர் தாங்காது."

"தாங்கும். இது தனி ஒயர், மீட்டர்லேருந்து இழுத்தது. ஐஸ் பெட்டிய மொதல்ல உள்ள இருக்கிற பிளக்லதான் சொருவினாங்க, பியூஸ் போயிடுச்சி. அப்புறம் இதுல மாட்டினோம்." தகரத்தைத் தட்டினான். "இத அம்மா போட்டுது மாமா. பதினாறு ஆம்ப்ஸ். ஒயர்மேன் பின்னாடி பத்து நாள் நடந்துச்சி. தம்பி கார் வந்தா இங்கதான் நிக்கும், வாசலாண்டயே போடுன்னு நின்னு போடவச்சிது."

"எப்போ?"

"போன தை மாசம்."

"என்கிட்ட சொல்லவே இல்லியேடா."

அவன் பிளக்கின் மேலிருந்த தூசியைத் துடைத்தான்.

"நானும் கேட்டேன், மாமாவுக்கு போன் போட்டு சொல்லேம்மான்னு. வேணாம்னுடுச்சி. போன்ல சொன்னா வேற எதனா சாக்கு சொல்லுவான், வரும்போது பாத்துக்கட்டும்னுது."

காரிலிருந்து ஒயரை எடுத்து வந்தேன். தகரத்தடியில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழுமலைதான் வாங்கி மாட்டினான். காரின் முன்பக்கம் பச்சை விளக்கு எரிந்தது.

மறுநாள் காலை 6.30, புறப்பாடு. 100 சதவீதம்.

அமாவாசை. மேல்மலையனூர் பிரிவில் நேற்றைவிட நாலு மடங்கு கூட்டம். எலுமிச்சம்பழ மாலையும் வேப்பிலையுமாகப் பெண்கள் பேருந்துகளிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். தீட்டு இருப்பதால் நான் கோயிலுக்குள் போகக்கூடாது. ஆனாலும் காரைப் பிரிவில் திருப்பி, கோயில் கூட்டம் தெரியும் தூரம்வரை போய், பக்கத்து இருக்கையின் கண்ணாடியை இறக்கிவைத்துக் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் கேட்டது அதுதான். பேட்டரி தொண்ணூற்றைந்தைக் காட்டியது. வேண்டிய அளவு இருந்தது.

செஞ்சியில் கரண்ட் வந்துவிட்டது. விடுதி சார்ஜரின் திரை எரிந்தது. நிற்கவில்லை. திண்டிவனத்திலும் நிற்கவேண்டியிருக்கவில்லை. தாம்பரம் வந்துசேர்ந்தபோது பத்தரை மணி, இருபத்திரண்டு சதவீதம்.

எங்கள் குடியிருப்பின் சார்ஜரில் அன்றைக்கு என் முறை. ஒயரை மாட்டிவிட்டுச் செயலியைத் திறந்து வரைபடத்தைப் பார்த்தேன். செஞ்சியில் ஒரு பச்சைப் புள்ளி. அதற்கு மேற்கே அவலூர்பேட்டைவரை ஒன்றுமே இல்லை, வெறும் சாலைதான். ஒன்றே முக்கால் வருடமாக அந்த வெற்றிடத்தைப் பார்த்துத்தான் நான் போகாமலிருந்தேன்.