சாமி என்று ஓர் ஆள்

எங்கள் தோட்டத்தில் என்னைவிட வேகமாக மரம் சீவிய பெண் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மலாயாவில் ரந்தாவ் பக்கத்தில் என் காலத்து ஆட்கள் யாராவது மிச்சமிருந்தால் கேட்டுப் பாருங்கள். மூஞ்சியைச் சுளித்துக்கொண்டாவது ஆமாம் என்பார்கள். அந்த வேகத்தில்தான் தினமும் எனக்கென்று ஓர் அரைமணி நேரத்தைப் பிடித்து வைத்திருந்தேன். அதைப் பறிக்கப் பார்த்தார்கள். நான் விடவில்லை.

ரப்பர் மரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் பட்டையைச் சீவிவிட்டால் பால் கோட்டு வழியே இறங்கிக் கோப்பையில் சொட்டும். நம்முடைய நிரையில், அதாவது நமக்கு ஒதுக்கிய மர வரிசையில், கடைசி மரம்வரை சீவி முடித்த பிறகு, பால் சொட்டி முடியும்வரை காத்திருக்க வேண்டும். நாம் அவசரப்பட்டால் மரம் கேட்காது. துரையே வந்து நின்று கத்தினாலும் கேட்காது. ஸ்டோரில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு பால் எடுக்கப் போவோம். அதுவரை மற்றவர்கள் சாலையோரம் கூடி வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்வம்பு பேசுவார்கள்.

நான் போகமாட்டேன். என் நிரையின் கடைசியில், சின்ன ஓடையைத் தாண்டி, ஒரு கல் நட்டிருந்தது. காட்டை வெட்டித் தோட்டம் போட்டவர்கள் எந்தக் காலத்திலோ நட்ட முனியாண்டிக் கல். பூசின மஞ்சளெல்லாம் மழையில் போய்விட்டது. அதன் எதிரில்தான் நான் உட்காருவேன்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது, மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளை இன்னும் இடுப்பைவிட்டு இறங்கவில்லை. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டில் வரிசையாக நின்று பெயர் கொடுத்து, மரம் சீவி, பால் எடுத்துச் சுமந்து, வீட்டுக்கு வந்தால் தண்ணீர், விறகு, துணி, மறுபடியும் அடுப்பு. ரப்பர் காயவைக்கும் புகைக்கூட்டில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் தேத்தண்ணி நான்தான் ஆற்றித் தர வேண்டும். நாள் முழுக்க ஒவ்வொருவருக்கும் என்னிடம் ஏதாவது வேண்டியிருந்தது. அந்தக் கல்லுக்கு மட்டும் என்னிடம் ஒன்றும் வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமையானால் வாழைப்பழம், சூடம், ஒரு பிடி பொங்கல் என்று கொண்டுபோவேன். பிள்ளைக்கு இருமல், மழை விட வேண்டும் என்று மனுக்களும் வைப்பேன். அவசரகாலம் வந்ததும் நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். வெளியே போகும் சோறு காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரும் என்று, வேலிக்கு வெளியே ஒரு பருக்கைகூடக் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். பெண்களைச் சோதிக்க எங்கள் லயத்து அக்கா ஒருத்தியையே வாசலில் நிறுத்தினார்கள். அவள் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்ப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை என் தலைத்துண்டுக்குள் இருந்த பழத்தை அமுக்கிப் பார்த்துவிட்டாள். யாருக்கும் தெரியாமல் அதைத் தன் மடிக்குள் போட்டுக்கொண்டாள்.

“சாமி பசி தாங்கும்டி. நீ உள்ள போயிட்டா உன் புள்ளைங்க தாங்காதுங்க” என்று என் காதில் சொன்னாள்.

அன்றைக்கு வெறுங்கையோடு போய் நின்றேன். பெரிய அவமானமாக இருந்தது. கொடுக்க ஒன்றுமில்லாதபோது கேட்கவும் வாய் வரவில்லை. சரி, போகட்டும் என்று சும்மா உட்கார்ந்தேன். பால் சொட்டியது, ஓடை ஓடியது. கொஞ்ச நேரத்தில், நான் ஒன்றும் செய்யாமலே எல்லாம் நடக்கிறது என்று தோன்றியது. அந்த நினைப்பில் என் தோள் இரண்டும் தானாக இறங்கின. கல்யாணமானதிலிருந்து அவற்றைத் தூக்கியே வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் யாரோ இருப்பதுபோல் இருந்தது, அவர் என்னை எந்த வேலையும் ஏவவில்லை. அழுதேன் என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அழுதேன்.

அதற்குப் பிறகு தினமும் வெறுங்கையோடுதான் போனேன்.

இது எங்களை வேலை வாங்கும் மண்டோர் கண்ணில் பட்டது. எல்லோரும் கூட்டமாக இருக்க, ஒருத்தி மட்டும் காட்டோரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். விளக்கில்லை, சூடமில்லை, கும்பிடவும் காணோம். யாருக்காகக் காத்திருக்கிறாள்? அவரையும் குறை சொல்ல முடியாது, அது பயந்த காலம். அவர் ரோந்து வந்த மாத்தாவிடம் சொல்லிவிட்டார். அந்த மலாய்க்காரப் போலீஸ் பையன் வந்து என்னிடம், “ஜும்பா சியாப்பா?” என்று கேட்டான். யாரைப் பார்க்க வந்தாய் என்று அர்த்தம்.

எனக்கு மலாய் நன்றாக வரும் என்று எனக்கு ஒரு நினைப்பு. பசாரில் மீன்காரனிடம் சண்டை போடும் அளவுக்கு வரும். நிமிர்ந்து பார்த்து, “ஹாரி-ஹாரி ஜும்பா சாமிலா” என்றேன். தினமும் சாமியைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டதாகப் பெருமை வேறு. அவன் பயபக்தியோடு புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனான்.

மறுநாள் பால் நிறுத்து முடிந்ததும் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். தோட்டத்துத் துரை, ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி, மொழிபெயர்க்க, ஆபீசில் கணக்கெழுதும் எங்கள் பெரிய கிராணி. கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர், கிறிஸ்தவ வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சிரம்பானுக்குக் கோயிலுக்குப் போனவர். பாதையில் சுடுகிறார்கள் என்று அப்போது போவதை நிறுத்தியிருந்தார். முகத்தைப் பார்க்காமலே, “சாமி எண்டவன் எந்த லயம் எண்டு கேக்கினம். நீ தினமும் சந்திக்கிறனீயாமே” என்றார்.

மேசைமேல் ஆள்பேர்ப் புத்தகம் விரித்திருந்தது. எங்கள் தோட்டத்தில் பாதி ஆம்பிளைகள் ஏதோ ஒரு சாமிதான். என் வீட்டுக்காரர் பெயரின் வாலிலும் ஒரு சாமி இருந்தது. அதன்மேல் பென்சில் கோடு ஏற்கெனவே விழுந்திருந்தது.

ஐயோ, அது ஆள் இல்லை, கல், முனியாண்டி சாமி என்று சொன்னேன். கிராணியார் சட்டென்று நிமிர்ந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு இங்கிலீஷில் நிறையச் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை. பூசைச் சாமான் ஒன்றுகூட இல்லாமல் அது என்ன பூசை, அங்கே என்னதான் செய்கிறாய் என்று கேட்டார்.

“சும்மா இருப்பேங்க” என்றேன்.

அந்தச் சும்மாவை இங்கிலீஷில் சொல்ல முடியாமல் கிராணியார் பட்ட பாடு இருக்கிறதே. ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டு வேறொன்று சொன்னார். அதிகாரிக்குச் சந்தேகம்தான் கூடியது. நாளைக்கு நானே வந்து பார்க்கிறேன், ஆள் யார் என்று தெரியாவிட்டால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் போலீஸ் லாரி ஏற வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

வெளியே மண்டோர் காத்திருந்தார். விஷயம் இவ்வளவு தூரம் போகும் என்று அவர் நினைக்கவில்லை. இனிமேல் தனியாக உட்கார மாட்டேன், தெரியாமல் செய்துவிட்டேன் என்று காலில் விழுந்தால் துரையிடம் சொல்லிச் சரிபண்ணுவதாகச் சொன்னார். கூட நின்ற என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சொல்லிவிடேன் என்று அந்தக் கண் கெஞ்சியது. பிள்ளைகளை நினைத்துப் பயந்தேன். ஆனால் என் கோபம் எப்போதும் என் பயத்தைவிட ஓர் அடி முன்னால் போகும்.

“என் வேலையில ஒரு குறை சொல்லுங்கய்யா, விட்டுர்றேன். பால் வடியிற நேரம் என்னோடது. செய்யாத தப்புக்கு நான் எதுக்குக் கால்ல விழணும்?” என்று கேட்டேன்.

அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் அதிகாரி, துப்பாக்கியோடு இரண்டு பேர், கிராணியார், மண்டோர் என்று ஒரு ஊர்வலமே என் பின்னால் வந்தது. கல்லைக் காட்டு என்றார்கள். முதலில் மரம் சீவ வேண்டும் என்றேன். கடைசி மரம்வரை, ஒரு மரம் விடாமல், பட்டையில் ஒரு காயம் படாமல் சீவினேன். கொசுவை அடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். முடித்துவிட்டுக் கையைக் கழுவினேன், ஓடையைத் தாண்டிப் போய் உட்கார்ந்தேன்.

முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி. என் புருஷனை ஏற்றப்போகும் லாரி மனத்துக்குள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு முயன்றும் தோள் இறங்கவில்லை. கடைசியில் கல்லைப் பார்த்து, ‘என்னால ஆகல, நீயே பாத்துக்க’ என்று மனத்துக்குள் சொன்னேன். பால் சொட்டுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான் ஞாபகம்.

ஸ்டோரில் தண்டவாளம் அடிக்கிற சத்தத்தில் திடுக்கிட்டு விழித்தேன். தூங்கியிருக்கிறேன். வாயோரம் எச்சில் வேறு. அதிகாரி ஒரு வேரின்மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிராணியார் நின்றபடியே கண்ணை மூடியிருந்தார். ஜெபமா தூக்கமா, தெரியாது. மண்டோர் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டு ஏதோ சொல்லிவிட்டு நடந்தார்.

“களவு வச்சிருக்கிற மனுசி துவக்குக்கு முன்னாலை இப்பிடிக் குறட்டை விடமாட்டாளாம்” என்றார் கிராணியார்.

அந்தக் குறட்டையை வைத்துத் தோட்டமே என்னை மாதக்கணக்கில் கிண்டலடித்தது. அடிக்கட்டும். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அன்றும் ஸ்டோருக்குப் பால் கொண்டுபோய்ச் சேர்த்த முதல் ஆள் நான்தான்.

பால் நிறுக்கும்போது கிராணியார் குனிந்து மெதுவாகப் பேசினார். அதுவரை தோட்டத்து ஆட்கள் எல்லோரையும்போல என்னையும் நீ என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு மரியாதையாக நீர் என்றார்.

“உம்மடை புருசன்ரை பேரிலை இருந்த கோட்டை அழிச்சுப்போட்டினம். மாத்தா எழுதின சாமியையும் வெட்டிப்போட்டு, பொலிஸ் துரை தன்ரை கையாலை கடவுள் எண்டு இங்கிலீசிலை எழுதியிருக்கிறார். பொலிஸ் புத்தகத்திலை ஆண்டவரைப் பதிஞ்ச ஆள் நீர்தான்.”

எந்த லயம் என்று போட்டிருக்கிறது என்று கேட்டேன்.

“உம்மடை நிரையின்ரை கடைசி எண்டு” என்றார்.