அமல் என் சொல்லைக் கேட்காத நாள்

சாட்சி சொல்ல வருகிறவர்கள் முகம் மலர்ந்து வருவார்கள். நானோ முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து, இடுப்பும் நாரியும் நோக, புலம்பெயர்ந்து வந்த நோபல் பார்க் வீட்டுக் குசினிக் கதிரையில் இருந்து இதை எழுதுகிறேன். ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவளாகிவிடுவேன். களைப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள், சகோதரங்களே.

போன வருடம், தவக்காலம் தொடங்கிய கிழமை. என்னோடு வேலை செய்யும் மரியம் துணி மடிக்கும் அறையில் நிலத்தில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் சூடான்காரி. சண்டை நடக்கும் நகரம் ஒன்றில் அவளுடைய அக்கா ஷெல் விழுந்து செத்துப்போனார். அக்காவின் கணவர் அதற்கு முன்பே செத்துவிட்டார். பதினாறு வயது மகள் அமல் மட்டும் தனியே மிஞ்சியிருந்தாள்.

"ஜெசிந்தா, நான் அவளோடு கதைத்தால் அழுகை மட்டும்தான் வருகிறது. நீ சண்டைக்குள் இருந்து தப்பியவள். நீ கதை" என்று ஆங்கிலத்தில் கெஞ்சினாள்.

நான் மன்னார்க்காரி. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, வன்னியில் சண்டையின் கடைசி மாதங்கள் வரை இருந்து வந்தவள். சண்டையைப் பற்றி எனக்கு யார் பாடம் எடுப்பது? உண்மையைச் சொன்னால், மரியம் கேட்டபோது எனக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் சாட்சி சொல்ல வேண்டும்.

அமலுக்குப் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் தெரியும். நெட்வேர்க் கிடைக்கும் இடத்துக்கு நடந்து போய் எனக்கு வட்சப்பில் பேசி அனுப்புவாள். நான் வேலை இடைவேளையில் பதில் அனுப்புவேன். பத்திரங்களைப் பொலித்தீன் பையில் போட்டு இடுப்பில் கட்டு. செருப்போடு படு. பங்கருக்குக் குழி வெட்டி மேலே பனங்குற்றி அடுக்கு. எல்லாம் நான்தான் சொன்னேன். "அன்ரி, பனை என்றால் என்ன? செருப்பு அறுந்துபோய்விட்டது" என்று பதில் வந்தது. பாலைவனத்துப் பிள்ளையிடம் பனங்குற்றி கேட்ட ஆள் நான். அவள் கதவைக் கழற்றிக் குழியை மூடினாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பெரிய வெள்ளிக்குப் பின் ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய குரல் வந்தது. "அன்ரி, சண்டை கிட்ட வந்துவிட்டது. எங்கள் தெருச் சனம் எல்லாம் நாளைக்குப் பெரிய ரோட்டால் போகிறார்கள். நானும் போகவா?"

மரியத்துக்கு அன்று லீவு. நான் அவளிடம் கேட்கவில்லை. ஒரு அருள்நிறை மந்திரம்கூடச் சொல்லவில்லை. சனத்தோடு சனமாகப் போனதால்தான் நாங்கள் தப்பினோம். தனியே நின்றவர்களை நான் பிறகு காணவில்லை. அதனால் உடனே சொன்னேன்: "போ பிள்ளை. சனத்தை விட்டு விலகாதே. யோசிக்காமல் போ."

"ஓகே அன்ரி" என்றாள். அதோடு சரி.

இரண்டு நாள் கழித்து மரியம் தன் ஃபோனை என்னிடம் நீட்டினாள். அந்த ரோட்டில், அந்தச் சனத்தின் மேல் தாக்குதல். படங்களும் இருந்தன. நான் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். மரியம் என்னை ஏசவில்லை. "நீ நல்ல மனதோடுதான் சொன்னாய்" என்றாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பத்தொன்பது நாள் அமலிடமிருந்து ஒன்றும் இல்லை. நான் அனுப்பியவற்றில் ஒன்றையும் அவள் திறக்கவில்லை. வேலைக்குப் போனேன், வயதானவர்களைக் குளிப்பாட்டினேன், வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் சேவியர் சோற்றுக் கோப்பையோடு பக்கத்தில் வந்து இருப்பார். "ரெண்டு வாய் சாப்பிடுமப்பா. அந்தப் பிள்ளைக்கு நீர் வேணுமெண்டே பிழையாச் சொன்னனீர்?" என்பார். நான் கோப்பையைத் தள்ளி வைப்பேன். ஜெபமாலையைக் கையில் எடுத்தால் வார்த்தை வராது. ஒரு தாயில்லாப் பிள்ளையைச் சாவுக்கு அனுப்பிவிட்டு எந்த வாயால் மாதாவைக் கூப்பிடுவது?

கடைசியில் என்னிடம் ஒரேயொரு மன்றாட்டுத்தான் மிஞ்சியது. ஆண்டவரே, அந்தப் பிள்ளை என் சொல்லைக் கேட்டிருக்கக் கூடாது. எனக்கே அது பைத்தியக்கார ஜெபமாகத் தெரிந்தது. அவள் போனாளோ இல்லையோ, அது நடந்து முடிந்த காரியம். ஞாயிறு பூசை முடிந்து பாதரிடம் கேட்டேன்.

"நடந்து முடிஞ்சதுக்காக மன்றாடலாமோ பாதர்?"

"எங்களுக்குத்தானே நேற்று, நாளை எண்டு இருக்கு. அவருக்கு எல்லாம் ஒண்டுதான். நீங்கள் கேளுங்கோ" என்றார்.

கேட்டேன். துணி மடிக்கும் அறையில் மரியம் தன் பாயை விரித்துத் தொழுவாள். நான் பக்கத்தில் நின்று படுக்கை விரிப்புகளை மடித்தபடி அதே வரியைச் சொல்வேன். ஒரு விரிப்புக்கு ஒரு தரம்.

இருபதாம் நாள் காலை, தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகையில் ஃபோன் அதிர்ந்தது. அமலின் குரல்.

"அன்ரி, கோபிக்க வேண்டாம். நான் நீங்கள் சொன்னபடி செய்யவில்லை. அந்த ரோட்டில் ஆயுதக்காரர்கள் வண்டிகளை மறித்துப் பெண்பிள்ளைகளைத் தனியே இறக்குவார்கள். இங்கே எல்லோருக்கும் தெரியும். உங்களிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. நீங்கள் பெரியவர், மறுத்துப் பேசவும் கூடாது. அதனால் ஓகே என்றேன். பிறகு பக்கத்து வீட்டுக் குடும்பத்தோடு ஒளிந்திருந்து, வேறு பாதையால் நடந்து எல்லை தாண்டிவிட்டேன். வழியில் நெட்வேர்க் கிடைக்கவில்லை. அன்ரி, என்னை மன்னியுங்கள்."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! நான் வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு மரியத்தைத் தேடி ஓடினேன். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுத சத்தத்தில், யாரோ செத்துவிட்டார்கள் என்று நேர்ஸ் ஓடி வந்தார்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அமல் இன்னும் அகதி முகாமில் கூடாரத்தில்தான் இருக்கிறாள். தண்ணீருக்கு வரிசை, இருமல், தாயின் நினைவு. மரியம் அவளைக் கூப்பிட விசாவுக்குப் போட்டிருக்கிறாள், பதில் இல்லை. நாங்கள் இருவரும் களைத்துப்போனோம். ஆனால் ஆண்டவர் என்னை மாற்றியிருக்கிறார். கோயிலுக்குப் புதிதாக வருகிற அகதிக் குடும்பங்களுக்கு முதல் ஆளாகப் புத்தி சொல்லி வந்தவள் நான். இப்போது அவர்களை முதலில் கதைக்க விடுகிறேன். வாய் துருதுருக்கும்தான், நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

போன கிழமை அமல் கேட்டாள், ஒரு குடும்பம் வேறு முகாமுக்குக் கூப்பிடுகிறது, போகவா என்று. "நீ என்ன நினைக்கிறாய் பிள்ளை?" என்று கேட்டேன். அவள் நீண்ட நேரம் பேசினாள். இருக்கும் இடத்திலேயே இருக்கப்போவதாகக் கடைசியில் சொன்னாள். நான் சரி என்றேன்.

இதை வாசிக்கிற யாராவது, தான் செய்த பிழைக்கு இனி வழியில்லை என்று உடைந்துபோய் இருக்கலாம். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது, எனக்குத் தெரியும். முடிந்துபோனது என்று நீங்களே தீர்மானித்துவிட்ட காரியத்துக்காகவும் அவரிடம் கேளுங்கள். வெட்கமாக இருந்தாலும் கேளுங்கள். நானும் வெட்கத்தோடுதான் கேட்டேன். அமல் உயிரோடு இருக்கிறாள்.