வெடிக்காமல் போன ரவுண்டு

முத்தையாபுரம் காய்கறிக் கடையில் அம்புரோஸ் வந்து நின்றாலே கடைக்காரி செல்வராணிக்கு முகம் சுண்டிவிடும். அரைக் கிலோ கத்திரிக்காய் எடுக்க அந்த மனுஷனுக்கு அரை மணி நேரம் வேண்டும். ஒவ்வொரு காயையும் விரலால் உருட்டி, காம்பைப் பார்த்து, வெளிச்சத்தில் ஒரு தரம் திருப்பிப் பார்த்துத்தான் தட்டில் போடுவார். "அண்ணாச்சி, இது கத்திரிக்கா. உள்ள மருந்தா அடச்சிருக்கு?" என்று அவள் கேட்டால் ஒரு சிரிப்பு வரும். கை மட்டும் நிற்காது.

அந்தக் கை பட்டாளத்தில் பழகியது. தோட்டாவை அங்கே ரவுண்டு என்பார்கள். ஃபேக்டரியிலிருந்து பெட்டி பெட்டியாக வரும். ஒரே அச்சு, ஒரே எடை, முத்திரை எல்லாம் சுத்தமாக இருக்கும். இருந்தாலும் அம்புரோஸ் ஒவ்வொன்றையும் தடவிப் பார்ப்பார். பித்தளையில் ஒரு கீறல், கழுத்தில் ஒரு நெளிசல், அடியில் துப்பாக்கி ஊசி தட்டுகிற இடம் கொஞ்சம் மேடாக இருப்பது, எதுவும் அவர் விரலுக்குத் தப்பாது. அவர் பார்த்துக் கொடுத்த ரவுண்டு சோடை போகாது என்று பேர் இருந்தது. அந்தப் பேர் அவருக்குக் கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது.

ஓய்வுக்குப் பிறகு கப்பல் காவலுக்குப் போனார். இலங்கையில் காலித் துறைமுகத்தில் ஏறி, கொள்ளைக்காரர் நடமாட்டமுள்ள கடலைத் தாண்டும்வரை சரக்குக் கப்பலில் துப்பாக்கியோடு நிற்கிற வேலை. கடைசியாகப் போன தடவை, ஏடன் பக்கம், வெயில் கண்ணைக் கூசவைத்த மத்தியானம், ஒரு சின்னப் படகு கப்பலை நோக்கி நேரே வந்தது. சைரன் ஊதியும் விலகவில்லை. முன்னால் நின்றவன் நீளமாக எதையோ கப்பலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தான். காவல் குழுவின் தலைவன் கயத்தாற்றுக்காரன் சிவப்பிரகாஷ். "படகுக்கு முன்னால தண்ணியில ஒண்ணு போடுங்க அண்ணாச்சி" என்றான். மிரட்டுவதற்குத்தான். அம்புரோஸ் தண்ணீரைப் பார்க்கவில்லை. அந்த ஆளின் நெஞ்சுக்கே குறி வைத்து விசையை அழுத்தினார்.

டிக் என்றது. வெடிக்கவில்லை.

அந்தக் கணத்தில் அவருக்கு வந்தது வெறும் கோபம். எந்த நாசமாய்ப் போறவன் செய்த ரவுண்டு இது என்று ஃபேக்டரியை வைதார். இப்படி ஆன துப்பாக்கியை உடனே திறக்கக் கூடாது. மருந்து தாமதமாகப் பற்றிக்கொள்ளலாம் என்பதால், ஆளில்லாத பக்கம் குழலைத் திருப்பிக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆள் கையில் இருந்ததைத் தலைக்கு மேல் தூக்கினான். ஒரு கம்பு. நுனியில் சிவப்புத் துணி. அவனுக்குப் பின்னால் கடலில் வலை மிதவைகள் வரிசையாகக் கிடந்தன.

போட்ட வலைமேல் கப்பல் ஏற வந்தால், படகை அதன் மூக்குக்கு நேரே விட்டுத் துணியை ஆட்டித் திருப்புவது கடல் தொழில்காரர்கள் வழக்கம். அம்புரோஸே பட்டாளத்துக்குப் போகுமுன் தன் அப்பாவின் வள்ளத்தில் நின்று அப்படித் துணி ஆட்டியவர்தான். அவருக்கு அது தெரியாமல் போனது என்று யாரிடம் சொல்ல முடியும்?

கப்பல் விலகிப் போனது. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். "அண்ணாச்சி பாத்த ரவுண்டே ஏமாத்திருச்சே. போனாப் போவுது, தண்ணிக்குத்தான" என்றான் சிவப்பிரகாஷ். குறி எங்கே இருந்தது என்பது அம்புரோஸுக்கு மட்டும் தெரியும். அந்த ரவுண்டைத் துப்பாக்கியில் போடுமுன் அதே விரலால் தடவித்தான் பார்த்திருந்தார். எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும் அதில் ஒரு குறையும் தட்டுப்படவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் காத்திருப்பு முடியவில்லை. ரவுண்டைக் கழற்றிக் கடலில் எறிந்தாயிற்று. ஆனாலும் அது இன்னும் வெடிக்கவில்லை, தாமதமாகிறது, அவ்வளவுதான் என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அடுப்படியில் மனைவி விஜிலா கேஸ் லைட்டரை டிக் டிக் என்று அழுத்தினால் உட்கார்ந்த இடத்திலேயே உறைந்துபோவார். ஏன் என்று கேட்காமலே அவள் தீப்பெட்டிக்கு மாறிவிட்டாள். மீன்பிடிக்கப் போன மகன் பெவின் கடலிலிருந்து வர நேரமானால் அம்புரோஸ் வாசலிலேயே நிற்பார். அந்தக் குண்டு எங்கே வந்து சேரும் என்ற பயம் அவரை விடவில்லை.

அடுத்த கப்பலுக்குப் போவதா வேண்டாமா என்று அவர் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை சிவப்பிரகாஷ் நேரிலேயே வந்துவிட்டான். புது ரவுண்டைச் சுட்டுப் பார்க்கிற வீடியோவைப் போனில் காட்டினான். சுட்டதெல்லாம் அட்டையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குள் விழுந்திருந்தது.

"இது வேற ஃபேக்டரி அண்ணாச்சி. ஆயிரம் ரவுண்டு போட்டுப் பாத்தாச்சு. ஒண்ணுகூட மக்கர் பண்ணல. பழைய கதையே கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. பெவின் வாசலில் உட்கார்ந்து மூங்கில் கம்பு நுனியில் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"எதுக்குலே அது?" என்றார் அம்புரோஸ்.

"கரிக் கப்பலு வலை மேலயே வாரான்பா. குறுக்க விட்டு ஆட்டுனாத்தான் திரும்புதான்."

"உங்க பேரக் குடுத்திரட்டா அண்ணாச்சி?" என்றான் சிவப்பிரகாஷ்.

"இதுல ஒண்ணுகூட வெடிக்காமப் போவாதா?"

"போவவே போவாது."

"அப்ப நான் வரல தம்பி."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து அவன் சிரித்தான். அவர் முகத்தைப் பார்த்த பிறகு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அம்புரோஸ் மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"கம்ப முன்னால நீட்டிட்டுப் போவாத. மொதல்லயே தலைக்கு மேல தூக்கிரு."

"ஏம்ப்பா?"

"தூரத்துல இருந்து பாத்தா துப்பாக்கி மாரி தெரியும்."

"கடல்ல நம்மள எவன்பா சுடப் போறான்?"

அம்புரோஸ் துண்டின் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினார்.

"நம்ம ஊர்க்காரன்தாம்லே" என்றார்.