பிரின்சிபால் மிஸ்ஸுக்கு ஒண்ணாம் நம்பர்

ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மார்க் போடச் சொன்னால், எது பெரிய மார்க்? ஐந்து என்கிறீர்களா? நீங்கள் எங்கள் நெசவாளர் தெருவில் வளரவில்லை, அவ்வளவுதான்.

நான் ஆறாவது படிக்கும்போது பள்ளி நிர்வாகம் பெற்றோருக்கு ஒரு படிவம் அனுப்பியது. பிரின்சிபாலின் தகவல் தொடர்புத் திறனை அளக்கிறார்களாம். தெளிவாகப் பேசுகிறாரா, பொறுமையாகக் கேட்கிறாரா என்று பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் ஐந்து வரை கட்டங்கள். மார்க் குறைந்தால் பிரின்சிபால் மிஸ்ஸை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று ஸ்கூல் வேன் அண்ணன் சொல்லிவிட்டதால் தெருவே கொதித்துக்கொண்டிருந்தது.

காரணம் இருந்தது. முன்பிருந்த பிரின்சிபால்கள் டைரியில் இங்கிலீஷில் எழுதி அனுப்புவார்கள். இவர் ஸ்கூட்டியில் வீட்டுக்கே வந்து இறங்குவார். தறிச் சத்தத்துக்கு மேல் கத்த மாட்டார். அப்பா கை ஓயும்வரை ஓரமாக நிற்பார். பிறகு, "தறியில பாவு போடுற அன்னிக்கெல்லாம் ஒத்தாசைக்குன்னு பொண்ணை ஸ்கூலுக்கு அனுப்பாம வெச்சிக்காதீங்கண்ணா" என்பார். அதற்கப்புறம் நான் ஒரு நாள்கூட மட்டம் போட முடியவில்லை. அந்த அளவுக்குத் திறன்.

படிவம் இங்கிலீஷில் இருந்ததால் நிரப்பும் வேலை எனக்கு. அம்மாதான் முதலில் மடக்கினாள். "அஞ்சு வரைக்கும் இருக்குதே, எதைப் போடறது?"

அப்பா தறியிலிருந்தே சிரித்தார். "கடையில ஒண்ணாம் நம்பர் ஜரிகை கேப்பியா, அஞ்சாம் நம்பர் கேப்பியா? எல்லாத்துக்கும் ஒண்ணு போடும்மா."

எனக்கும் சரியாகத்தான் பட்டது. வகுப்பில்கூட ஒன்றாம் ரேங்க்தானே கெத்து. கட்டங்களுக்கு மேலே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது; அதையெல்லாம் யார் படிப்பது?

பக்கத்து வீட்டுப் பெரியப்பா மட்டும் முறுக்கிக்கொண்டார். "எனக்கு ரெண்டு போடு. அந்தம்மா ஒரு தபா என்னைத் திட்டிச்சு."

"தெருவே ஒண்ணு போட்டுக்கினு இருக்குது, நீ ஒருத்தன் ரெண்டு போட்டு அவங்க வேலைக்கு உலை வைப்பியாண்ணா?" என்று அப்பா பாய்ந்தார். பெரியப்பாவும் ஒன்றுக்கு இறங்கினார்.

சாயங்காலத்துக்குள் பதினோரு வீட்டுப் படிவங்களை நிரப்பி முடித்தேன்.

பத்து நாள் கழித்து மிஸ் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் அந்தப் பதினொன்றும் இருந்தன.

"இதெல்லாம் உன் கையெழுத்தாம்மா?"

"ஆமா மிஸ். எல்லாத்துலயும் உங்களுக்கு ஒண்ணு!"

"ஏன் ஒண்ணு?"

"ஒண்ணாம் நம்பர் மிஸ் நீங்க. அப்பா சொன்னாரு."

மிஸ் சிரித்தார். சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடியும் சிரித்தார். "அப்பாகிட்ட தேங்க்ஸ் சொல்லும்மா" என்று அனுப்பிவிட்டார். எனக்கு ஒரே பெருமை.

அந்த வருஷக் கடைசியில் மிஸ் இல்லை. "நாம எல்லாரும் ஒண்ணு போட்டும் தூக்கிட்டானுங்களே" என்று அப்பா நிர்வாகத்திடம் சண்டைக்கே போனார். அவர்கள் என்ன சொன்னார்களோ, இவருக்கு என்ன விளங்கியதோ.

காலேஜில் லெக்சரர்களுக்கு மார்க் போடும் படிவம் வந்தபோதுதான் அந்தப் பொடி எழுத்தைப் படித்தேன். ஒன்று, மிக மோசம். அன்றைக்கு மிஸ் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பதினொன்றையும் மாற்றி எழுதியிருப்பேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் சொல்லவில்லை.

அப்பா இப்போது பக்கத்து அறையில் தறியில் இருக்கிறார். நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.