தண்ணீர் கேட்காத செடி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. செங்கல் சூளை, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் டிபன் கடை, லாரி கிளீனர் என்று சுற்றிவிட்டுக் குயிலாப்பாளையத்தில் ஒரு நர்சரியில் ஒதுங்கினேன். செடிகளுக்கு நிழல் தரக் கட்டிய ஷேடு நெட்டுக்குக் கீழேதான் படுக்கை. செடிகளின் பெயர்களை அங்கேதான் கற்றேன். இப்போது மொபெட்டில் செடி விற்கிறேன். சீக்குப் பிடித்த செடியைப் பார்க்கவும் கூப்பிடுவார்கள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு தொட்டியின் கதை.

திண்டிவனத்தில் ஒரு மாடி வீடு. சரோஜா அம்மாவின் கூடத்து மூலையில் ஒரு தொட்டி. அதில் மஞ்சளாகச் சாய்ந்த நாலு தண்டு, ஏழெட்டு இலை. பார்த்ததும், தண்ணீரே காட்டவில்லையா என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாவின் முகம் சிவந்தது.

"ரெண்டு வேளையும் அரிசி கழுவுன தண்ணி ஊத்திக்கினுதாம்பா இருக்கேன். எம் மருமக செடி இது. பிரசவத்துக்குப் போகசொல்ல உட்டுட்டுப் போனா. அஞ்சாம் மாசம் புள்ளையோட வர்றா. நான் வேணும்னே சாவடிச்சேன்னுதான் நெனப்பா."

குழந்தைக்கு அப்போது ஒரு மாதம். என் கையில் நான்கு மாதம் இருந்தது.

தொட்டியைக் கவிழ்த்தேன். சேறும் புளித்த வாடையும் வந்தன. தரை நனைகிறதென்று அடி ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். வேரைக் கழுவினால் உருளைக்கிழங்கு போலக் கிழங்குகள். அப்போதுதான் இது ஸீஸீ பிளான்ட் என்று உறுதியானது. மாதம் ஒருமுறை தண்ணீர் போதும். வந்திருப்பது ரூட் ராட், வேரழுகல். ஐந்து கிழங்கு கூழாகியிருந்தது. இரண்டு மட்டும் கல்லு மாதிரி இருந்தன. பழைய தண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு, அந்தக் கிழங்குகளை நிழலில் காயவைத்து, ஓட்டை போட்ட தொட்டியில் மணலும் கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூளும் கலந்து நட்டேன்.

செடி வேலை அவ்வளவுதான். சரோஜா அம்மாவின் கையை நிறுத்துவதுதான் பெரிய வேலை. ஒரு மாதம் தண்ணீர் கூடாது என்றதும், என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அதனால் வெறும் மண்ணை நிரப்பி இன்னொரு தொட்டி வைத்தேன்.

"இதுல இன்னாப்பா இருக்குது?"

"வரும்மா. தெனமும் இதுக்கு ஊத்துங்க. அதைத் தொடாதீங்க."

மருமகள் வரும் நாளில், சாட்சி சொல்ல என்னையும் வரச்சொல்லிவிட்டார். ஸீஸீயில் மூன்று புதுத் தண்டுகள் பளபளவென்று நின்றன. வெறும் மண்ணில் சமையலறைத் தண்ணீரோடு போன விதையில் தக்காளி முளைத்திருந்தது. அதையும் நான்தான் போட்டேன் என்று அந்த அம்மா நம்பினார். நான் மறுக்கவில்லை.

மருமகள் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுச் செடியைப் பார்த்தாள். பழைய தண்டு ஒன்றுகூட இல்லையே என்றாள். சரோஜா அம்மா ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார். மருமகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"தண்ணி ஊத்த மறந்துட்டேன்னு நீங்க திட்டுவீங்கன்னு பயந்துதான் அத்தை, தண்ணியே கேக்காத செடியாப் பாத்து வாங்கினேன்."

இப்போதெல்லாம் வாடின செடியைத் தொடுவதற்கு முன், அந்த வீட்டில் யாருக்குப் பயந்து யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்டுவிடுகிறேன்.